ஊதியே கெட்டுப்போன ஃபில்டர்

தை கடைசியில் ஒருமுறை திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வந்து பாருங்கள். கல்லணையிலிருந்து திருவையாறு போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, காவிரியை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருபவர்கள் ஊர் நெருங்க நெருங்க ஷட்டரை இறக்கிவிடுவார்கள். சம்பா அறுவடை நேரம். ஒரு வயலில் அறுவடை மிஷின், பக்கத்து வயலில் வைக்கோல் கட்டுகிற மிஷின், கொள்முதல் நிலைய வாசலில் நெல் தூற்றுகிற மிஷின், ரோட்டில் பாதி அகலத்துக்குக் காயப்போட்ட நெல். காற்று முழுக்கச் சுணை. சட்டைக் காலருக்குள் போனால் குளிக்கிற வரைக்கும் நிம்மதி கிடையாது.

மனுஷனுக்கு அது அரிப்போடு போகும். என்ஜினுக்கு அப்படிப் போகாது.

அப்படி ஒரு தை கடைசியில்தான் குடமுருட்டிக் கரையை ஒட்டிய ஒரு ஒர்க் ஷாப்பில் அந்த டிராக்டர் வந்து நின்றது. வாங்கி மூன்று வருஷம்தான். கடன் இன்னும் பாதி பாக்கி. பின்னால் வைக்கோல் கட்டுகிற மிஷினை மாட்டி, கட்டுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓட்டுவதில்தான் தவணை கட்ட வேண்டும். அந்த வேலை இருப்பதே வருஷத்தில் ஒன்றரை மாசம். அதில் பாதி நாள் தாண்டுவதற்குள் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது. சைலன்சரில் நீலப் புகை. காலையில் ஸ்டார்ட் ஆவதற்குள் பேட்டரி முனகுகிறது.

மெக்கானிக் என்ஜின் பக்கமே போகவில்லை. ஏர் ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தினார். ஹோஸுக்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தார். விரல் முழுக்க கோதுமை மாவு அப்பின மாதிரி பழுப்புத் தூள்.

"ஏண்ணே, ஏர் ஃபில்டரைப் பாக்குறதே இல்லையா?"

டிராக்டர்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னப்பா இப்படிக் கேட்டுப்புட்ட? தெனம் காலையில கழட்டி, பஞ்சர் கடையில குடுத்து ஊதித்தான் மாட்டுறேன். ஒரு நாள் தவறுனது இல்ல. வேணும்னா பஞ்சர் கடைக்காரன்கிட்ட கேட்டுப் பாரு."

"அதான்ணே விஷயமே."

சோம்பேறித்தனத்தால் கெட்ட என்ஜின்கள் நிறைய உண்டு. இது அக்கறையால் கெட்ட என்ஜின். புரிய வேண்டுமானால் இவருடைய அப்பா ஓட்டிய பழைய டிராக்டரிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் காலத்து டிராக்டர்களில் வந்தது ஆயில் பாத். பெயரிலேயே விஷயம் இருக்கிறது, காற்றுக்கு எண்ணெய்க் குளியல். அடியில் ஒரு கிண்ணம், அதில் ஒரு கோடு வரை ஆயில். காற்று நடுக்குழாய் வழியாக வேகமாகக் கீழே இறங்கி, ஆயிலின் மேல் மோதி, சட்டென்று மேலே திரும்ப வேண்டும். காற்று திரும்பிவிடும். கனமான தூசியால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது. நேராகப் போய் ஆயிலில் விழும். சைக்கிளில் வேகமாக வந்து வளைவில் திரும்பாமல் வாய்க்காலில் இறங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது :-) தப்பித்து மேலே வருகிற பொடித் தூசியை, ஆயில் தெறித்து நனைந்திருக்கிற கம்பி வலை பிடித்துக்கொள்ளும். ஆயில் சொட்டி இறங்கும்போது தூசியும் கழுவிக்கொண்டு கிண்ணத்துக்கே வந்துவிடும்.

இதை எத்தனை முறை கழற்றிச் சுத்தம் செய்தாலும் ஒன்றும் கெடாது. புழுதியில் ஓடுகிற நாட்களில் தினமும் திறந்து பார்க்கச் சொல்வார்கள். கிண்ணத்தின் அடியில் சேறு கட்டியிருந்தால் ஆயிலைக் கொட்டிவிட்டு, வழித்து, வலையை டீசலில் அலசி, புது ஆயில் ஊற்ற வேண்டும். அப்பாவுக்கு அது காலைக் கடன் மாதிரி. டீ குடிப்பதற்கு முன் கிண்ணத்தைப் பார்த்துவிடுவார். எவ்வளவு சேறு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம். நேற்று ஓட்டியது புழுதி உழவா, சேற்றுழவா என்பதைக் கிண்ணமே சொல்லிவிடும். கடையில் எதையும் வாங்கி மாற்ற வேண்டியதில்லை, ஆயில் மட்டும்தான் செலவு. (என்ஜினிலிருந்து இறக்கின கருப்பாயிலை இதில் ஊற்றுகிற சிக்கனவாதிகள் உண்டு. ஏற்கெனவே கறுப்பாக இருப்பதில் புதிதாக என்ன சேர்ந்தது என்று எப்படித் தெரியும்?)

ஆயில் பாத்துக்கும் குறைகள் உண்டு. கோட்டுக்கு மேல் ஊற்றக் கூடாது. "கொஞ்சம் கூட ஊத்துனா இன்னும் நல்லாப் புடிக்கும்" என்று நினைத்து ஊற்றினால், என்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்ச ஆரம்பித்துவிடும். டீசல் என்ஜினுக்கு ஆயிலும் ஒரு எரிபொருள்தான். அப்படி நிறைய உறிஞ்சிவிட்டால் டீசலை நிறுத்தினாலும் என்ஜின் நிற்காமல், யார் பேச்சும் கேட்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். காற்று போகிற வழியை அடைத்தால்தான் அடங்கும். வரப்பேறிச் சாயும்போது கிண்ணமும் சாய்கிறது என்பது இன்னொரு தொல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, மெதுவாக ஓடும்போது இது சரியாகப் பிடிக்காது. காற்றுக்கு வேகம் இருந்தால்தான் தூசி ஆயிலில் போய் விழும். ஐடிலில் நிற்கும்போது தூசியும் காற்றோடு நிதானமாகத் திரும்பி உள்ளே போய்விடும்.

மகன் வாங்கிய புது டிராக்டரில் டிரை டைப். விசிறி மடிப்பு மடித்த காகித உருளை, பெரியது ஒன்று, அதற்குள் சின்னது ஒன்று. இங்கே ஆயிலே கிடையாது. காகிதத்தின் நுண்ணிய துளைகள் தூசியைத் தடுக்கின்றன. கூடவே, தடுக்கப்பட்ட தூசி காகிதத்தின் மேல் ஒரு படலமாகப் படிந்து, அந்தப் படலமும் சேர்ந்து வடிகட்டுகிறது. அதாவது டிரை ஃபில்டர் புதிதாக இருக்கும்போது வடிகட்டுவதைவிடக் கொஞ்சம் அழுக்கான பிறகு நன்றாக வடிகட்டும்!

இந்த ஒரு வரியைத்தான் அந்த டிராக்டர்காரரிடம் யாரும் சொல்லவில்லை. ஷோரூமில் கொடுத்த புத்தகத்தில் இருந்திருக்கும். யார் படித்தார்கள்? அப்பா தினமும் சுத்தம் செய்தார், வண்டி இருபது வருஷம் உழைத்தது. மகனும் தினமும் சுத்தம் செய்தார். பழக்கம் அதேதான், பொருள்தான் மாறிவிட்டது.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் 100 பி.எஸ்.ஐ-க்கு மேல் காற்று இருக்கும். லாரி டயருக்கு வேண்டியது. காகித ஃபில்டரை ஊதியே ஆக வேண்டுமென்றால் 30 பி.எஸ்.ஐ அளவில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக, நாஸிலைத் தள்ளிப் பிடித்து ஊத வேண்டும். இவர் கொடுத்த இடத்தில் நாஸிலை மடிப்புக்குள்ளேயே செருகி ஊதியிருக்கிறார்கள். போதாததற்கு மாட்டும் முன் டயரில் இரண்டு தட்டு. ஓரத்து ரப்பர் சீல் நசுங்கிவிட்டது. உள்ளே இருக்கிற சின்ன ஃபில்டர் காவலுக்கு மட்டும் இருப்பது. அதை ஊதவே கூடாது, காலம் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாற்ற வேண்டும். அதையும் சேர்த்தே ஊதியிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கூட்டுக்குள் உதிர்கிற தூசியில் கொஞ்சம் சுத்தமான பக்கத்துக்குப் போகத்தான் செய்யும். மாசத்துக்கு ஒருமுறை திறந்தால் ஒருமுறை. தினமும் திறந்தால் முப்பது முறை.

மெக்கானிக் வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தவர். ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கினார். கைவிளக்கு பல்பைப் பெரிய ஃபில்டருக்குள் விட்டு எரிய விட்டார். நல்ல காகிதமாக இருந்தால் மங்கலாக ஒரே மாதிரி வெளிச்சம் தெரிய வேண்டும். இதில் அங்கங்கே புள்ளி புள்ளியாக, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் போட்ட மாதிரி.

டிராக்டர்காரர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

காமர்ஸ் படிக்கிற மக்களுக்காக இங்கே ஒரு சின்னக் கணக்கு (சயின்ஸ் குரூப் ஆட்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்). இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் டிராக்டர் என்ஜின், 2,000 ஆர்.பி.எம்-மில் ஓடுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்று எடுக்கும். நிமிஷத்துக்கு ஆயிரம் முறை, சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்று கொஞ்சம் கழித்துக்கொண்டால் சுமார் 2,000 லிட்டர். பத்து மணி நேரம் ஓடினால் 12 லட்சம் லிட்டர், அதாவது 1,200 கன மீட்டர். வைக்கோல் கட்டுகிற வயலில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 கிராம் தூசி என்று வைத்துக்கொள்வோம், சும்மா ஒரு அனுமானம்தான். ஒரு நாளைக்கு ஃபில்டர் வாசலுக்கு வருவது 120 கிராம்.

ஆயில் பாத் நன்றாகப் பராமரித்தால் 98 சதவீதம் வரை பிடிக்கும் என்பார்கள், சுமாராக இருந்தால் 95. நல்ல டிரை ஃபில்டர் 99.5-க்கு மேல். பார்க்கும்போது 98-க்கும் 99.5-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? பரீட்சையில் இரண்டுமே டிஸ்டிங்ஷன். ஆனால் என்ஜினுக்குப் பிடித்த மார்க்கில் அக்கறை கிடையாது, விட்ட மார்க்தான் கணக்கு. 98 என்றால் ஒரு நாளைக்கு உள்ளே போவது 2.4 கிராம். 99.5 என்றால் 0.6 கிராம். நாலில் ஒரு பங்கு! ஐம்பது நாள் சீசனுக்கு 120 கிராமா, 30 கிராமா என்பது கேள்வி. கடன் கொடுக்கிற வங்கி, வசூலானது 98 சதவீதம் என்று சந்தோஷப்படுவதில்லை, வாராக்கடன் 2 சதவீதமா அரை சதவீதமா என்றுதான் பார்க்கும். அதே கதைதான். இத்தனையும் ஓட்டை விழாத ஃபில்டருக்கு. சீரியல் செட் ஃபில்டருக்குச் சதவீதம் போடுவதில் அர்த்தமே இல்லை. ஓட்டை வழியாகப் போகிற காற்று தூசியைச் சலிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு போகும்.

"போனால் என்ன, எரிந்து சாம்பலாகிவிடாதா?" என்று கேட்கத் தோன்றும். வைக்கோல் தூசிதானே, மண் இல்லையே என்று டிராக்டர்காரரும் அதைத்தான் கேட்டார். வயல் புழுதியில் இருப்பது பெரும்பாலும் மணல் சத்து, சிலிகா. அது இரும்பு லைனரைவிடக் கடினமானது, எரியாது. நெல் விஷயத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிகாவை உறிஞ்சித் தன் உமியிலும் தாளிலும் சேர்த்து வைத்துக்கொள்கிற பயிர். உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் நிற்கும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிகாதான். அந்தக் காலத்தில் உமிச் சாம்பலால் பல் விளக்கினார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். பாத்திரம் பளபளத்ததற்குக் காரணம் அதுதான். அதே தேய்ப்பு பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை நடந்தால் எப்படி இருக்கும்? (அக்னீஸ்வரர் கோயில் கொண்ட ஊரில் நெருப்பால் அழியாதது எது என்று உமி காட்டிக்கொடுக்கிறது.)

டிரை டைப்புக்கும் சுணை ஒரு தொல்லை. கம்பெனிகள் ஃபில்டரை ஐ.எஸ்.ஓ 5011 என்ற முறைப்படி சோதிக்கின்றன. அதற்கு அளந்து பயன்படுத்துகிற தூள், அரிஸோனா பாலைவன மண்ணிலிருந்து சலித்துத் தயாரித்த தூள். அதில் சுணையும் கிடையாது, சண்டும் கிடையாது. நம் வயலில் அதுதான் முதலில் வருகிறது. பஞ்சு மாதிரி மடிப்பின் வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே காகிதம் சுத்தமாக இருக்கும்போதே வெளியே மூச்சு முட்டும். அதனால்தான் ஓட்டுபவர்களுக்குக் கை துறுதுறுக்கிறது, ஊதச் சொல்கிறது. அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. சிவப்புக் கோடு காட்டுகிற இண்டிகேட்டர் அதற்காகத்தான் இருக்கிறது: காகிதத்தின் வழியாக இழுக்க என்ஜின் எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று அளந்து, அளவு தாண்டினால் சிவப்பு தெரியும். அதுவரைக்கும் கை வைக்கக் கூடாது. சுணை நாட்களில் முன்வடிகட்டியின் வலையைத் துடைத்தால் போதும்.

இந்த இரண்டு பேரும் ஃபில்டரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்கும்போது காலேஜ் பையன் ஒருவன் பைக்கோடு வந்தான். சர்வீஸுக்கு விட்ட வண்டி. ஃபில்டர் பேச்சைக் கேட்டதும் ஆர்வமாகி, செல்லில் ஒரு படத்தைக் காட்டினான். சிவப்பு நிறத்தில், கூம்பு வடிவத்தில், எண்ணெய் நனைத்த பருத்தி வலை ஃபில்டர். "இதைப் போட்டா பிக்கப் ஏறுமாமே அண்ணே? கழுவிக் கழுவிப் போட்டுக்கலாமாம், ஆயுசுக்கும் ஒண்ணே போதுமாம்."

இப்படித்தான் எண்ணெய் ஃபில்டர் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. கே அண்ட் என் என்ற கலிஃபோர்னியா கம்பெனியால் புகழ் பெற்றது, மோட்டார் பைக் பந்தய உலகத்தில் வளர்ந்தது. பருத்தித் துணியின் துளைகள் காகிதத்தைவிடப் பெரியவை, காற்று சுலபமாகப் போகும். பெரிய துளையில் தூசியும் சுலபமாகப் போய்விடுமே, அதைப் பிடிக்கத்தான் பிசுபிசுப்பான எண்ணெய். சுவாசம் முக்கியமா, சல்லடை முக்கியமா என்ற பழைய பிரச்சினைதான். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்காரர்கள் ஸ்பிட்ஃபயர் விமானங்களை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கும் 1942-ல் மால்டா தீவுக்கும் அனுப்பியபோது மூக்குக்குக் கீழே தாடை வீங்கின மாதிரி வோக்ஸ் என்ற பெரிய ஃபில்டரை மாட்டி அனுப்பினார்கள். என்ஜின் பிழைத்தது, ஆனால் விமானத்தின் வேகம் குறைந்தது. எகிப்தில் அபுகீர் என்ற இடத்துப் பணிமனையில் தாங்களாகவே சின்னதாக ஒரு ஃபில்டரைச் செய்து மாட்டிக்கொண்டார்கள். சண்டை போடுகிறவனுக்கு அந்த வேகம் உயிர்ப் பிரச்சினை. குடமுருட்டிக் கரையில் டியூஷன் போய்விட்டு வருகிற பைக்குக்கு?

மெக்கானிக் இவ்வளவெல்லாம் சொல்லவில்லை. "தம்பி, நீ முழு ஆக்ஸிலேட்டர் முறுக்கி எத்தனை நிமிஷம் ஓட்டுவ? இந்த ரோட்டுல மாடு விடுமா உன்னைய?" என்று கேட்டார். அவ்வளவுதான் விஷயம். முழு வேகத்தில்தான் அந்தக் கூடுதல் காற்றுக்கு வேலை. மற்ற நேரத்தில் த்ராட்டிலே பாதி மூடியிருக்கும், ஃபில்டர் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். ஆயுசுக்கும் ஒன்று என்பதும் கழுவி, நிழலில் காயவைத்து, அளவாக எண்ணெய் தடவத் தெரிந்தவருக்கு. எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும். அதிகமானால், சூடான கம்பியால் காற்றை அளக்கிற சென்சார் உள்ள கார்களில் எண்ணெய்ப் படலம் போய் ஒட்டி, சென்சார் தப்புக் கணக்குச் சொல்லும். (ஏப்ரல் 2020-ல் பி.எஸ்-6 வந்த பிறகு பைக்குகளும் இஞ்செக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால் பெரும்பாலான பைக்குகளில் இருப்பது அழுத்தத்தை அளக்கிற சென்சார், அதற்கு இந்தப் பயம் கிடையாது.)

இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் இருக்கிறது, அதில்தான் வீட்டு ஸ்கூட்டர்கள் மாட்டிக்கொள்கின்றன. ஆக்டிவா மாதிரி வண்டிகளில் வருவது எண்ணெய்ப் பசை ஏற்றிய காகிதம். பார்க்கக் காகிதம், தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். அதைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது. ஊதினால் பசை போய்விடும். அழுக்காகத் தெரிவது அதன் இயல்பு, கிலோமீட்டர் ஆனதும் மாற்றிவிட வேண்டும். ஆனால் அதைக் கழற்றி, கறுப்பாக இருப்பதைக் காட்டி, ஊதி மாட்டித் தராத சர்வீஸ் கடையை ஊரில் விரல் விட்டு எண்ணிவிடலாம். வாடிக்கையாளரும் ஊதினால்தான் காசு கொடுக்கிறார். பழைய பைக்குகளில் வந்த ஸ்பாஞ்சுக்கு இதற்கு நேர் எதிர் வைத்தியம்: மண்ணெண்ணெயில் கழுவி, பிழிந்து, காயவைத்து, ஆயிலில் தோய்த்து, மறுபடி பிழிந்து மாட்ட வேண்டும். ஆயில் இல்லாமல் மாட்டினால் அது வெறும் குளிக்கிற ஸ்பாஞ்சு.

பையன் செல்லை மடக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சந்தோஷமாகப் போன மாதிரி தெரியவில்லை. வாங்கினாலும் வாங்குவான்.

டிராக்டர் பன்னிரண்டு நாள் நின்றது. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றினார்கள். இரண்டு ஃபில்டரும் புதிது. ஒரு நாள் வைக்கோல் கட்டினால் வருகிற காசில் ஃபில்டர் வாங்கிவிடலாம். என்ஜின் வேலைக்குக் கொடுத்ததோ அந்த சீசன் முழுக்கச் சம்பாதித்ததைவிட அதிகம். போகட்டும், இது அக்கவுண்ட்ஸ் புத்தகத்தில் ரிப்பேர் செலவு என்று ஒரு வரியில் ஏறிவிடும். அந்தப் பன்னிரண்டு நாளில் வெளியூர் மிஷின்கள் வந்து பக்கத்துக் கிராமத்து வயல்களையெல்லாம் கட்டி முடித்துவிட்டன. அது எந்தப் பக்கமும் ஏறாது. தவணைக்கு மனைவியின் செயின் ஒன்று அடகுக் கடைக்குப் போனது.

வண்டி எடுக்க வந்த அன்றைக்கு அவர் இருமிக்கொண்டே இருந்தார். மெக்கானிக் கவனித்துவிட்டு, "உங்களுக்கு ஃபில்டர் என்னண்ணே?" என்றார். அவர் தோளில் கிடந்த துண்டைக் காட்டினார். என்ஜினுக்கு முன்வடிகட்டி, பெரிய ஃபில்டர், காவல் ஃபில்டர் என்று மூன்று அடுக்கு. அதே புழுதியில், அதே பத்து மணி நேரம், என்ஜினுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு ஈரிழைத் துண்டு. மனுஷன் வேலை செய்யும்போது நிமிஷத்துக்கு இருபது முப்பது லிட்டர் காற்று இழுக்கிறான். மூக்குக்குள் முடியும் சளியும் இருக்கிறது, ஒருவகையில் அதுவும் ஆயில் பாத்தான். பெரிய தூசியைப் பிடித்துவிடும். பொடியானதை விட்டுவிடும். மக்கிய வைக்கோலின் பூஞ்சைத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் வீங்குகிற நோய் ஒன்று உண்டு, மருத்துவத்தில் அதற்கு விவசாயி நுரையீரல் என்றே பெயர். மாஸ்க் கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு டிராக்டர் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் துண்டு ஏன் ஜெயித்தது என்று தெரியும்.

கிளம்பும்போது மெக்கானிக் ஃபில்டர் மூடியின் கிளிப்பில் கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டார். "செவப்பு வந்தா இங்க வாங்க. வராம நீங்களா கழட்டாதீங்க."

வீட்டில் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. மறுநாள் காலை டீ டம்ளரோடு வந்து டிராக்டரைச் சுற்றி நடந்தார். கம்பி முறுக்கைப் பார்த்தார்.

"தொடச்சியாடா?"

"தொடைக்கக் கூடாதாம்ப்பா."

"வண்டிய தொடைக்கக் கூடாதுன்னு எந்த மடையன் சொன்னான்?"

மகன் குனிந்து, ஃபில்டர் கூட்டின் அடியில் தொங்குகிற ரப்பர் மூக்கைக் காட்டினார். காகிதத்துக்குப் போகும் முன்பே சுழற்றி ஒதுக்கப்பட்ட தூசி வந்து சேருகிற இடம். அதைத் தினமும் பிதுக்கிவிடலாம், பிதுக்கவும் வேண்டும். புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அப்பா டம்ளரை மட்கார்டில் வைத்துவிட்டு இரண்டு விரலால் பிதுக்கினார். ஒரு கைப்பிடி புழுதியும் சுணையும் கொட்டியது. கையில் ஏந்திப் பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நேத்து எந்த வயல்லடா ஓட்டுன? மண்ணு ஏறி வந்துருக்கு. மிஷினைக் கொஞ்சம் தூக்கி ஓட்டு" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.